யார்ன் வரிசைகளுக்கு வளம் பிரிப்பது எப்படி: கெப்பாசிட்டி ஷெட்யூலர் முதல் பாடம்

"எங்கள் வரிசைக்கு 40 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் எங்கள் வேலை அரை மணி நேரமாகக் காத்துக் கிடக்கிறதே?" பல குழுக்கள் ஒரே ஹடூப் க்ளஸ்டரில் (பெருந்தரவு வேலைகளைப் பகிர்ந்து செய்யும் கணினிகளின் தொகுப்பில்) வேலை செய்யும் இடங்களில் இந்தப் புகார் வந்துகொண்டே இருக்கும். சதவீதத்தைச் சுவராக நினைப்பதால் வரும் குழப்பம் இது. அது சுவர் அல்ல, உத்தரவாதம். சும்மா கிடக்கும் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உரியவர் திரும்பி வந்து கேட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.

ஹடூப்பில் நினைவகம் போன்ற வளங்களை வேலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதிதான் யார்ன். அதில் வேலைகள் வரிசைகளில் (queue) சேரும். எந்த வரிசைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது கெப்பாசிட்டி ஷெட்யூலர். 10 கணினிகள், ஒவ்வொன்றிலும் யார்னுக்கு 40 ஜிபி நினைவகம், ஆக மொத்தம் 400 ஜிபி என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: பங்கு பிரியுங்கள்

கெப்பாசிட்டி ஷெட்யூலருக்கென்று தனி எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. அதில் எல்லா வரிசைகளும் 'ரூட்' என்ற தாய் வரிசையின் கீழ் வருகின்றன. 'அறிக்கை' வரிசைக்கு 60, 'ஆய்வு' வரிசைக்கு 40 எனக் கொடுங்கள். ஒரே தாயின் கீழுள்ள சதவீதங்களைக் கூட்டினால் 100 வர வேண்டும். நிறுவும்போதே இருக்கும் 'டீஃபால்ட்' வரிசையை எடுத்துவிட்டால், வரிசைப் பெயர் சொல்லாமல் வரும் வேலைகள் நிராகரிக்கப்படும். இதைப் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது அறிக்கைக்கு 240 ஜிபி, ஆய்வுக்கு 160 ஜிபி. ஓர் இடம் காலியானால் அது யாருக்குப் போகும்? தன் பங்கில் குறைந்த விகிதத்தைப் பயன்படுத்தும் வரிசைக்கு. அறிக்கை 120 ஜிபியும் ஆய்வு 96 ஜிபியும் வைத்திருந்தால், முன்னது தன் பங்கில் 50 சதவீதத்தையும் பின்னது 60 சதவீதத்தையும் பயன்படுத்துகிறது. எண்ணிக்கையில் அதிகம் வைத்திருந்தாலும் அடுத்த இடம் அறிக்கைக்கே போகும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் ஷெட்யூலரில் பாதி புரிந்த மாதிரி.

படி 2: கடன் வாங்க வரம்பு வையுங்கள்

'மேக்சிமம்-கெப்பாசிட்டி' என்ற அமைப்பைத் தொடாமல் விட்டால், க்ளஸ்டர் காலியாக இருக்கும்போது ஒரு வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கு 70 கொடுப்போம். அதாவது, அதிகபட்சம் 280 ஜிபி.

படி 3: தனி ஆளின் வரம்பைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், க்ளஸ்டர் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் ஒருவரின் வேலை 40 சதவீதத்திலேயே நின்றது. வரிசையின் உச்ச வரம்பை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாள் முழுவதும் போனது. தடுத்தது அந்த வரம்பே அல்ல, 'யூசர்-லிமிட்-ஃபேக்டர்'. இதன் இயல்பு மதிப்பு 1. அதாவது, வரிசை கடன் வாங்கலாம் என்றாலும், தனி ஒரு பயனர் அந்த வரிசையின் உத்தரவாதப் பங்கைத் தாண்ட முடியாது. நம் ஆய்வு வரிசையில் ஒருவர் மட்டும் இருந்தால் 160 ஜிபியோடு நிற்பார். 1.75 என மாற்றினால் 280 வரை போகலாம்.

மறுபக்கத்தையும் கவனியுங்கள். பந்தியில் முதலில் உட்கார்ந்தவரே எல்லா இலையையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. 'மினிமம்-யூசர்-லிமிட்-பெர்சென்ட்' 25 என்றால், இருவர் வேலை கொடுக்கும்போது ஆளுக்குப் பாதி, நால்வர் வந்தால் கால் பங்கு. ஐந்தாமவர் காத்திருப்பார்.

படி 4: கடனைத் திரும்ப வாங்குங்கள்

இரவு ஆய்வு 280 ஜிபியைப் பிடித்திருக்கிறது. அறிக்கை வந்து தன் 240ஐக் கேட்கிறது. காலியாக இருப்பதோ 120தான். ஓடும் வேலைகளிடமிருந்து கடனைத் திரும்ப எடுக்கும் பறிப்பு வசதி (preemption) இயல்பாக அணைந்தே இருக்கும். எனவே ஆய்வின் கண்டெய்னர்கள் (வேலைக்கு ஒதுக்கப்பட்ட வளத் துண்டுகள்) தாமாக முடியும்வரை அறிக்கை காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் ஸ்பார்க் வேலைகள் இருந்தால் உத்தரவாதம் வெறும் பேச்சாகிவிடும். நேரக்கெடு உள்ள வேலை ஒன்றாவது இருந்தால், தயங்காமல் யார்ன்-சைட் கோப்பில் பறிப்பை இயக்குங்கள்.

பறிப்பு முரட்டுத்தனமாக நடப்பதில்லை. முதலில் அறிவிப்பு, இயல்பாக 15 விநாடி அவகாசம், அதன் பிறகே நிறுத்தம். ஒரு சுற்றில் மொத்த வளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்காது. வேலையை நடத்தும் அப்ளிகேஷன் மாஸ்டரைக் கூடியவரை கடைசியாகவே தொடும்.

படி 5: இயக்கிப் பாருங்கள்

வரிசை மாற்றங்களுக்கு மறுதொடக்கம் தேவையில்லை. யார்னின் நிர்வாகக் கட்டளையில் வரிசைகளைப் புதுப்பிக்கச் சொன்னால் போதும். பிறகு ஆய்வில் ஒரு பெரிய வேலையை ஓடவிட்டு, 8088 போர்ட்டில் ஷெட்யூலர் பக்கத்தைத் திறந்து, அறிக்கையில் இன்னொன்றைக் கொடுங்கள். ஆய்வின் பட்டை சுருங்க வேண்டும். இடம் காலியாக இருந்தும் புதிய வேலை 'அக்செப்டட்' (ஏற்கப்பட்டும் ஓடத் தொடங்காத) நிலையிலேயே நின்றால், அப்ளிகேஷன் மாஸ்டர்களுக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள். இயல்பாக அது 10 சதவீதம்தான். சிறு வேலைகள் நிறைய வரும் வரிசையில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.