அடாப்டிவ் குரூஸ், ஆட்டோ ஸ்டார்ட் ஸ்டாப்: இது உள்ள காரைப் புதுசா ஓட்டுறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

போன வாரம் சித்தப்பா பையன் அவனோட புதுக் கார்ல என்னைக் கூட்டிட்டுப் போனான். ஹைவே ஏறுனதும் அடாப்டிவ் குரூஸைப் போட்டான், அதாவது செட் பண்ண வேகத்துல தானா போய், முன்னாடி வண்டி இருந்தா அதுக்குத் தக்க தானா வேகம் குறைக்கிற வசதி. போட்ட கையோட ரெண்டு காலையும் மடக்கி சீட்டுக்கு அடியில இழுத்து வச்சுக்கிட்டான். "காலை முன்னாடி வைடா"ன்னேன். "அண்ணே, அதுவே பிரேக் புடிக்கும், சும்மா பாருங்களேன்"ங்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் என் மனைவிகிட்ட சொன்ன அதே வார்த்தை. ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்கிறது, போன் பார்க்கிறது இதெல்லாம் தப்புன்னு யாருக்கும் சொல்லித் தரவேண்டாம், அதை விட்டுடுறேன். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களே மாட்டிக்கிற விஷயம் மட்டும் எழுதுறேன்.

நின்னுட்டு இருக்கிற வண்டியையும் கார் பார்த்துக்கும்னு நம்புறது

இதை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் குரூஸை 100ல செட் பண்ணியிருந்தேன். முன்னாடி ஒரு பெரிய வேன் 80ல போயிட்டு இருந்துச்சு, என் காரும் அதுக்குத் தக்க 80க்கு இறங்கி அழகாப் பின்னாடியே போச்சு. இடைவெளியை இருக்கிறதுலயே கம்மியா வச்சிருந்தேன், நடுவுல யாரும் நுழையக் கூடாதுன்னு. திடீர்னு வேன் பக்கத்து லேனுக்குத் தாவுச்சு. வழி காலியாயிடுச்சுன்னு நினைச்சு என் கார் 100ஐ நோக்கி வேகம் எடுத்துச்சு. ஆனா வழி காலி இல்ல, வேன் மறைச்சுட்டு இருந்த இடத்துல ஒரு லாரி பழுதாகி நிக்குது. கால் மடங்கியிருந்த நிலையில இருந்து பிரேக்குக்கு வர்றதுக்குள்ள பாதி தூரம் போயிடுச்சு. முழு பலத்தோட மிதிச்சும் பத்தல, கடைசியில ஆள் ஓடுற வேகத்துல போய் லாரியோட பின்பக்கத்துல இடிச்சேன். பின் சீட்ல என் பொண்ணு தூங்கிட்டு இருந்தா. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்த சத்தத்துல அவ முழிச்சு அழுதது இன்னும் காதுலயே இருக்கு. குரூஸுக்காக முன் வண்டியைக் கவனிக்கிற ரேடார், பம்பருக்குப் பின்னாடி இருக்கு, அதுதான் முதல்ல நொறுங்குச்சு, பம்பர், ரேடார், அது உட்கார்ற பிராக்கெட், அப்புறம் எல்லாம் மாட்டுன பிறகு ரேடார் நேராப் பார்க்குதான்னு காலிபரேஷன், இப்படி மூணு வாரம் கார் கையில இல்ல. சர்வீஸ்ல கேட்டா மேனுவல்ல ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுனாங்க, நிக்கிற வண்டியை இது கண்டுக்காம போகலாம்னு தெளிவா போட்டிருக்கு. டெஸ்ட் டிரைவ்ல இதை ஒருத்தரும் வாய் தொறந்து சொல்லல, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஏன் இப்படின்னா, ரேடாருக்கு ஒரு பொருள் எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு வேகத்துல நெருங்குதுங்கிறதுதான் நல்லாத் தெரியும். நாம 100ல போறப்போ ரோட்டோர போர்டு, தடுப்புக் கம்பி, தலைக்கு மேல வர்ற பாலம், தரையில பதிச்ச இரும்பு மூடி எல்லாமே அதே 100ல நம்மளை நோக்கி வர்ற மாதிரிதான் அதுக்குத் தெரியும், நடு லேன்ல நிக்கிற லாரியும் அந்தக் கும்பல்ல ஒண்ணுதான். எல்லாத்துக்கும் பிரேக் போட்டா வண்டியே ஓட்ட முடியாது, அதனால முதல்ல இருந்தே அசையாம இருக்கிறதைப் பெரும்பாலும் கழிச்சு விட்டுடும். கேமராவும் சேர்ந்து வேலை செய்யுற புது கார்கள்ல நிலைமை பரவாயில்ல, ஆனா அதுங்க மேனுவல்லயும் இந்த எச்சரிக்கை இருக்கு. தன் கண்ணு முன்னாடி ஓடிட்டு இருந்து அப்புறம் நின்ன வண்டின்னா விடாம பிடிச்சுக்கும். அதான் நெரிசல்ல ஓட்டிப் பார்த்தவங்க அதிகமா ஏமாறுறாங்க, நேத்து சிக்னல்ல அவ்வளவு அழகா நின்னுச்சே, இங்க நிக்காதான்னு நினைச்சுக்கிறாங்க. ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு, குரூஸ் போடுற பிரேக் நம்ம கால் போடுற பிரேக் இல்ல. ஐஎஸ்ஓ 15622ங்கிற தரவிதியே, நல்ல வேகத்துல போறப்போ குரூஸ் தானா வேகத்தைக் குறைக்கிறதுக்கு எல்லை வச்சிருக்கு, ஒரு வினாடியில வேகம் வினாடிக்கு சுமார் 3.5 மீட்டர் வரைதான் குறையும். காஞ்ச ரோட்ல நாம முழுசா மிதிச்சா அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல பிடிக்கும். அவசர பிரேக் தனி சிஸ்டம், அது கடைசி நேரத்துல இடியோட வேகத்தைக் குறைக்கலாம், நம்மளைக் கண்டிப்பா நிறுத்திடும்னு இல்ல. 80ல போனா வினாடிக்கு 22 மீட்டர். கால் பிரேக்குக்கு வர ஒன்றரை வினாடி ஆச்சுன்னா 33 மீட்டர் பிரேக்கே இல்லாமப் போயிருக்கும்.

இப்போ நான் செய்யுறது இதுதான்: இடைவெளி எப்பவும் அதிகபட்சம். முன்னாடி லாரி, வேன் மாதிரி மறைக்கிற வண்டி இருந்தா இன்னும் தள்ளிப் போவேன். டேஷ்போர்டுல முன் வண்டியோட படம் மறைஞ்சா உடனே கால் பிரேக் மேல போயிடும், ரோட்டைப் பார்த்துட்டு அப்புறம்தான் எடுப்பேன்.

ரெஸ்யூம் பட்டன்

ஹைவேயில 100ல செட் பண்ணது மெமரியில அப்படியே இருக்கும். சின்ன ரோட்ல இறங்குன பிறகு 40ல போகும்போது ரெஸ்யூமை அமுக்குனா கார் 100க்குப் போகத்தான் பார்க்கும். முன் வண்டி திரும்பிப் போயிட்டாலோ, வளைவுல ரேடார் அதை விட்டுட்டாலோ இதே கதைதான். ஹைவேயை விட்டு இறங்குறப்போ குரூஸை மெயின் பட்டன்லயே அணைச்சுடுங்க.

மழையில குரூஸ்

ரோடு வழுக்கும்னு ரேடாருக்குத் தெரியாது.

இன்ஜின் சத்தம் இல்லைன்னா வண்டி ஆஃப்னு நினைக்கிறது

வண்டி நின்னதும் இன்ஜினைத் தானா அணைச்சு, கிளம்புறப்போ தானா ஓட விடுற ஸ்டார்ட் ஸ்டாப்ல பெரிய ஆபத்து இதுதான். யாரையோ இறக்கி விட நிறுத்துறாங்க, இன்ஜின் தானா அணையுது, கியர் டி-லயே இருக்கிறதை மறந்து இறங்கப் போறாங்க. பிரேக்ல இருந்து காலை எடுத்ததும் இன்ஜின் திரும்ப ஓட ஆரம்பிச்சு வண்டி நகரும். நிறைய கார்ல கதவைத் திறந்தா கத்தும், சிலது தானா பார்க்குக்குப் போயிடும், எல்லாக் கார்லயும் அது இல்ல. எங்க தெருவுல ஒரு அக்கா வண்டி இப்படித்தான் கேட்ல போய் மோதிச்சு. பார்க், ஹேண்ட்பிரேக், அப்புறம் பட்டனை அமுக்கி ஆஃப், இந்த வரிசையை மாத்தாதீங்க. பானெட் திறக்கிறதுக்கு முன்னாடியும் அதேதான்.

சாதா பேட்டரி மாட்டுறது

ஒரு நாள்ல பல தடவை ஸ்டார்ட் பண்றதைத் தாங்கணும்னுதான் இந்தக் கார்கள்ல ஏஜிஎம் இல்லன்னா ஈஎஃப்பிங்கிற பலமான பேட்டரி வகை வருது. காசு மிச்சம்னு சாதா பேட்டரி போட்டா சீக்கிரமே செத்துடும். ஏஜிஎம் இருந்த இடத்துல ஏஜிஎம்தான் போடணும், பல கார்ல புது பேட்டரி மாட்டுனதை கம்ப்யூட்டர்ல பதிவும் பண்ணணும், இல்லன்னா பழைய பேட்டரின்னு நினைச்சே சார்ஜ் பண்ணும். முன்னாடியெல்லாம் சிக்னல்ல அணைஞ்ச இன்ஜின் கொஞ்ச நாளா அணையவே இல்லையா? தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, பேட்டரி பலவீனமாகுறதுக்கு அது முதல் அறிகுறியா இருக்கலாம், செக் பண்ணுங்க. ஜம்ப் ஸ்டார்ட் பண்றப்போ நெகட்டிவ் கேபிளை பேட்டரி முனையில மாட்டாம பாடில இருக்கிற எர்த் இடத்துல மாட்டுங்க, முனையில பேட்டரியோட நிலையை அளக்கிற சென்சார் உட்கார்ந்திருக்கும்.

ஊர்ந்து போற நெரிசல்

இன்ஜின் சும்மா சும்மா அணைஞ்சு ஓடிட்டே இருக்கும், அதனால ஸ்டார்ட் ஸ்டாப்பை பட்டன்ல ஆஃப் பண்ணிடுங்க, அடுத்த தடவை காரை எடுக்கிறப்போ பெரும்பாலும் தானா திரும்ப வந்துடும்.

முன் பம்பர்ல ஸ்டிக்கர், கூடுதல் கம்பி

ரேடாருக்கு முன்னாடி எதுவும் வேண்டாம்.