கிட் லாக் காட்டாமல் விடும் கமிட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமுக்கு ஒவ்வொரு வருடமும் கல்லூரி முடித்த நாலைந்து பேர் வருகிறார்கள். கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி கிட். அதில் கமிட் போடுவது (மாற்றத்தைப் பதிவது), புஷ் செய்வது (சர்வருக்கு அனுப்புவது), பிராஞ்ச் எடுப்பது (தனிக் கிளையில் வேலை செய்வது) எல்லாம் ஒரே வாரத்தில் கைவந்துவிடும். கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக்கில் பழைய கமிட் ஒன்றைத் தேடச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. லாக்கிலிருந்து வெளியே வர கியூ அழுத்தத் தெரியாதது, வேறு பிராஞ்ச்சில் நின்றுகொண்டு தேடுவது போன்றவை ஒரு தடவை பட்டாலே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். எந்த எச்சரிக்கையும் தராமல் லாக் ஒரு கமிட்டை விட்டுவிடும் இடங்கள்தான் ஆபத்தானவை.

ஒரு ஃபைலின் லாக்கை அதன் முழு வரலாறு என்று நம்புவது

அப்போது கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பில் தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தில் ஒரு பக். சில பில்களில் ஒரு ரூபாய் இடித்தது. டீமில் இருந்த ஜூனியர் பையன் அதைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து அதே புகார் திரும்ப வந்தது. கிட் லாக் என்று அடித்து அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தேன். அவருடைய கமிட் இல்லை. மேலும் கீழும் இரண்டு தடவை பார்த்தேன், இல்லவே இல்லை.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "நீங்க கமிட்டே பண்ணலையே" என்றேன். "பண்ணினேன்க்கா" என்றார். லாக்கைத் திறந்து காட்டினேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்று இரவே நான் புதிதாக ஒரு ஃபிக்ஸ் எழுதிப் போட்டேன். திரும்பி வந்த சரக்குக்கான கணக்கையும் அவர் தன் ஃபிக்ஸில் கவனித்திருந்தார். அது என் கண்ணில் படவில்லை. மாதக் கடைசிவரை கிரெடிட் நோட்டுகள் தப்பான தொகையோடு போயின. கணக்குப் பிரிவில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினார்கள்.

பிறகு ஒரு நாள், அவர் எழுதியதாகச் சொன்ன ஃபங்ஷனின் பெயரை, ஃபைல் பெயர் எதுவும் கொடுக்காமல், லாக்கின் பெரிய எஸ் ஆப்ஷனில் தேடினேன். அவருடைய கமிட் வந்து நின்றது. அந்த ஃபங்ஷனைச் சேர்த்த கமிட் இருக்கிறது, நீக்கிய கமிட் மட்டும் எங்கேயும் இல்லை. அதே தேடலில், மெர்ஜ்களின் மாற்றங்களையும் பார்க்க வைக்கும் சின்ன எம் ஆப்ஷனைச் சேர்த்ததும் ஒரு மெர்ஜ் கமிட், அதாவது இரண்டு பிராஞ்ச்களை இணைத்த கமிட், வெளியே வந்தது. கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இரண்டு பக்கமும் மாற்றியதால் வரும் மோதல்) வந்தபோது, அவசரத்தில், நம் பக்கத்து ஃபைலே இருக்கட்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்ட மெர்ஜ். அதைச் செய்தது நான்தான். அன்றே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த மீட்டிங்கை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வரும்.

நடந்தது இதுதான். ஃபைல் பெயரைக் கொடுத்தால், அந்த ஃபைல் இன்றைய நிலைக்கு எப்படி வந்தது என்பதற்கான மிகச் சுருக்கமான வழியைத்தான் லாக் காட்டும். ஒரு மெர்ஜுக்கு வந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும். மெர்ஜுக்குப் பிறகான ஃபைல் ஒரு பக்கத்து ஃபைலோடு அச்சாக ஒத்துப்போனால், அந்தப் பக்கம் மட்டும் போகும். மறுபக்கத்தில் அந்த ஃபைலைத் தொட்ட கமிட்டுகள் எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், அந்த மெர்ஜும் சேர்ந்தே விழும். பெரும்பாலான நாட்களில் இது வசதிதான், வீண் கமிட்டுகள் கண்ணை மறைக்காது. ஆனால் தொலைந்துபோன மாற்றத்தைத் தேடும் நாளில், தேடுகிற அதே கமிட்தான் மறைக்கப்படும்.

அதனால் ஒரு ஃபிக்ஸ் காணோம் என்றால் முதலில் ஃபுல்-ஹிஸ்டரி ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள். அது மெர்ஜின் எல்லாப் பக்கத்துக்கும் போகும். அப்புறம் மெர்ஜையே திறந்து பாருங்கள். லாக்கோடு பேட்ச் (மாறிய வரிகள்) கேட்டாலும் மெர்ஜ் கமிட்டின் மாற்றங்கள் இயல்பாக வராது. மெர்ஜின் மாற்றங்களைச் சுருக்கிக் காட்டும் சிசி ஆப்ஷன் போட்டாலும், ஒரு பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்ட ஃபைலை அது காட்டாது. சின்ன எம் ஒவ்வொரு பக்கத்தோடும் தனித்தனியாக ஒப்பிட்டுக் காட்டும். 2022-இல் வந்த கிட் 2.36 பதிப்பிலிருந்து ரீமெர்ஜ்-டிஃப் என்று ஒன்று இருக்கிறது. மெர்ஜைத் திரும்பச் செய்து பார்த்து, கான்ஃப்ளிக்ட் எங்கே வந்தது, அங்கே ஆள் எதை வைத்தார், எதை விட்டார் என்று காட்டும். எனக்கு இதுதான் பிடித்தது.

போன மாதம் புதிதாக வந்த பெண் ஒருவர், "அக்கா, அந்த ஃபிக்ஸ் லாக்லயே இல்ல, யாரும் போடல போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஃபுல்-ஹிஸ்டரி போட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். மூன்றாவது வரியில் இருந்தது.

தேதி

லாக் காட்டும் தேதி ஒன்று, சின்ஸ் (இந்த நாளிலிருந்து), அன்டில் (இந்த நாள்வரை) ஆப்ஷன்கள் வடிகட்டும் தேதி இன்னொன்று. கண்ணுக்குத் தெரிவது ஆதர் தேதி, அதாவது மாற்றத்தை முதலில் எழுதிய நாள். வடிகட்டுவது கமிட்டர் தேதியை வைத்து, அதாவது அந்தக் கமிட் கடைசியாகப் பதிவான நாள். ரீபேஸ் செய்தால் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் திரும்பப் போட்டால்) கமிட்டர் தேதி மட்டும் புதிதாகும். ஜனவரியில் எழுதி மார்ச்சில் ரீபேஸ் செய்த கமிட்டை ஜனவரியில் தேடினால் கிடைக்காது. பிரெட்டி ஃபுல்லர் என்று கேட்டால் இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

நேரத்தையும் சேர்த்தே கொடுங்கள். மாலை 4 மணிக்கு உட்கார்ந்து சின்ஸ் 2024-03-01 என்று அடித்தால், அந்த நாளின் மாலை 4 மணியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காலையில் போட்ட கமிட்டெல்லாம் போச்சு. 00:00 என்று சேர்த்தால் முழு நாளும் வரும். வாராந்திர ரிப்போர்ட்டில் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இது ஒரு காரணம்.

பெரிய எஸ்ஸும் பெரிய ஜியும்

இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ் ஒரு சொல் ஃபைலில் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணும், எண்ணிக்கை மாறிய கமிட்டை மட்டும் காட்டும். ஃபங்ஷன் பெயர் அப்படியே இருக்க, அடைப்புக்குள் 18 என்பதை 12 ஆக மாற்றியிருந்தால் எண்ணிக்கை மாறவில்லை, எஸ் வாயே திறக்காது. ஜி, சேர்க்கப்பட்ட, நீக்கப்பட்ட வரிகளில் அந்த வடிவம் இருக்கிறதா என்று பார்க்கும், அதனால் பிடித்துவிடும். முதலில் எப்போது வந்தது, எப்போது போனது என்பதற்கு எஸ். இடையில் யார் தொட்டார் என்பதற்கு ஜி.

இரண்டு கிரெப்

கமிட் செய்தியில் சொல் தேடும் கிரெப்பை இரண்டு கொடுத்தால் "இதுவோ அதுவோ" என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் ஆல்-மேட்ச்.

முதல் கமிட்டுக்கு ரிவர்ஸ்

முதல் கமிட்டைப் பார்க்க, வரிசையைத் திருப்பும் ரிவர்ஸோடு 1 என்று எண்ணிக்கை கொடுத்தால் வருவது கடைசி கமிட். எண்ணி நறுக்கிய பிறகுதான் திருப்பும். முன்னால் எந்தக் கமிட்டும் இல்லாததை மேக்ஸ்-பேரண்ட்ஸ் 0 என்று கேளுங்கள்.

பெயர் மாறிய ஃபைல்

பெயர் மாறுவதற்கு முந்தைய கமிட்டுகளும் வேண்டுமென்றால் ஃபாலோ. ஒரு நேரத்தில் ஒரு ஃபைலுக்கு மட்டும்.

சிஐ இயந்திரத்தில் ஒரே ஒரு கமிட்

கோடைத் தானாகவே சோதிக்கும் சிஐ இயந்திரத்தில் லாக் ஒரே கமிட்டைக் காட்டினால், வரலாறு அழியவில்லை, குளோன் ஆழம் 1, அதாவது கடைசி கமிட்டை மட்டும் நகலெடுத்திருக்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாகவே அப்படித்தான் எடுத்துவரும். ஃபெட்ச்-டெப்த் 0 போட்டால் முழுசும் வரும்.