கடன் வசூல் கோல்கள் தொல்லையாக மாறினால் என்ன செய்வது

நுண்கடனோ லீசிங்கோ, தவணை பிந்தினால் கேட்டுக் கோல் எடுப்பது பிழையில்லை. தூஷணத்தில் ஏசுவது, பக்கத்து வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் எடுத்துக் கடனைச் சொல்வது, "பொலிஸோட வருவம்" என்று வெருட்டுவது, இவைதான் பிழை. கடன் கட்டாமல் விட்டதற்காக மட்டும் பொலிஸ் யாரையும் பிடித்து அடைக்க முடியாது. அது சிவில் விவகாரம். காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு. இலங்கையின் 1990ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் அது குற்றமாகலாம். தாமதிக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

நம்பரை உடனே பிளாக் பண்ணாதீர்கள். அவர்கள் வேறு நம்பரிலிருந்து எடுப்பார்கள், உங்களிடம் சாட்சியும் மிஞ்சாது. ரிங்டோனை மட்டும் அமர்த்திவிட்டு, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: திகதி, நேரம், நம்பர், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை அப்படியே. "ஏசினார்" என்று எழுதினால் பயனில்லை. "காலை 6.10, 'உன்ர மகள் படிக்கிற பள்ளிக்கு வருவன்' என்றார்" என்று எழுதினால்தான் முறைப்பாடு நிற்கும். ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது நம்பர் தெரிய வேண்டும். பெயர் போட்டு சேவ் பண்ணியிருந்தால் பெயர்தான் விழும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை அன்றன்றே வேறு இடத்தில் சேமியுங்கள், அனுப்பியவர் அழித்துவிடலாம்.

கோலை எடுத்தால் மூன்றே வசனம்: "உங்கட பெயர், நிறுவனம் சொல்லுங்கோ. மிச்சத்தை எழுத்தில அனுப்புங்கோ. நான் எழுத்தில பதில் தாறன்." வாயால் திகதி சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த கோலில் அதையே பிடித்துக் குத்துவார்கள். வசூல்காரரின் சொந்தக் கணக்குக்குக் காசு போடவே கூடாது. கடன் கணக்கில் அது பதிவாகாமல் போகலாம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.

பிறகு நிறுவனத்தின் கிளை முகாமையாளருக்குப் பதிவுத்தபாலில் கடிதம். கடன் இலக்கம், கொப்பியில் குறித்தவற்றின் பிரதி, மிச்சக் கணக்கு விபரம் கேட்பது, மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்பது, மூன்றாம் ஆளுக்கு எடுக்கக் கூடாது என்பது. தபால் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் மேலிடம் முதலில் கேட்பதே "நிறுவனத்துக்கு எழுதினீர்களா?" என்பதுதான்.

பதில் வராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் இது மத்திய வங்கியின் உரிமமோ பதிவோ பெற்ற வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் கம்பனி, நுண்நிதிக் கம்பனி போன்றவற்றுக்கே பொருந்தும். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களின் இணையத்தளத்தில் பாருங்கள். வட்டிக்குக் கொடுப்பவரோ உரிமமில்லாத கடன் செயலியோ என்றால் அங்கே போய் அலையவேண்டாம்.

செயலியில் எடுத்த கடனென்றால், ஒப்பந்தத்தையும் கட்டிய விபரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, செட்டிங்ஸில் தொடர்புகள், படங்களுக்கான அனுமதியை நிறுத்திய பின்பே செயலியை அழியுங்கள். அது ஏற்கனவே எடுத்துச் சென்ற நம்பர்கள் திரும்பி வராது. ஆகவே சொந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வெட்கம் வேண்டாம்.

அடிப்பேன், படத்தைப் போடுவேன் என்ற வெருட்டல் வந்தால் இத்தனை படியும் காத்திருக்க வேண்டியதில்லை. கொப்பியையும் போனையும் கொண்டு உங்கள் பொலிஸ் நிலையத்துக்கே போங்கள். மூதூரோ கிண்ணியாவோ குச்சவெளியோ, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பெண்களுக்கு 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தை நாடலாம். கடன் ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், கொப்பி மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.