உள்ளறை கொண்ட கையடக்க சைக்கிள் பம்பு: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

நடுவழியில் டியூப் பஞ்சரானால் பம்பும் வேண்டும், ஒட்டும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையென்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்விரண்டையும் பிரியாமல் வைத்திருப்பதற்காகவே சில கையடக்கப் பம்புகளில், கைப்பிடிக்குள்ளோ உருளையின் பக்கவாட்டிலோ சிறிய அறை ஒன்றை அமைத்துத் தருகிறார்கள். ஒட்டுகள், உப்புத்தாள், சிலவற்றில் டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர்கூட அதற்குள் அடங்கிவிடும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒரு முழ நீளம்கூட இல்லாத கருவியில் பொருள் வைக்க இடம் ஒதுக்கினால், அந்த இடம் பெரும்பாலும் காற்றடிக்கும் உருளையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே, அறையே இல்லாவிட்டாலும் இந்தப் பம்பை வாங்குவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்வது முதல் வேலை.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 25 மி.மீ. அகலமுள்ள ரேஸ் சைக்கிள் டயரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 1 லிட்டர். முற்றிலும் காற்றிறங்கிய அந்த டயரை 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரை ஏற்ற வேண்டுமானால், வெளிக்காற்றில் சுமார் 6 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். பம்பு உருளையின் உள்விட்டம் 20 மி.மீ., தண்டு ஓடும் தூரம் 15 செ.மீ. என்றால், ஒருமுறை தள்ளும்போது 47 மில்லிலிட்டர் காற்று போகும். கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 130 முறை தள்ள வேண்டும். அறைக்காக அந்த ஓட்டத்தில் 3 செ.மீ. போய்விட்டால் எண்ணிக்கை 160-ஐத் தாண்டிவிடுகிறது. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஏனெனில் ஒவ்வொரு முறையும் உருளையின் அடியிலும் குழாயிலும் சிறிது காற்று டயருக்குள் போகாமல் தங்கிவிடுகிறது, ஓட்டம் குட்டையாக ஆக ஆக அப்படித் தங்குவதன் பங்கும் பெரிதாகிறது. அட்டையில் பம்பின் மொத்த நீளத்தைத்தான் போட்டிருப்பார்கள். நீங்கள் அளக்க வேண்டியது, கைப்பிடியை முழுவதும் இழுத்தால் அது எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதை.

உருளையின் பருமனை உங்கள் டயரை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். பருத்த உருளை ஒரே தள்ளலில் நிறையக் காற்றைக் கொடுக்கும். ஆனால் அழுத்தம் ஏற ஏறக் கை தாங்காது. 100 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். அந்த நிலையில் 20 மி.மீ. உருளையைத் தள்ளக் கை கொடுக்க வேண்டிய விசை 22 கிலோ, 30 மி.மீ. உருளைக்கோ ஏறத்தாழ 50 கிலோ. அதே பருத்த உருளை, 30 பிஎஸ்ஐ மட்டுமே கேட்கும் மலைச் சைக்கிள் டயருக்கு 15 கிலோவுக்குள் வேலையை முடித்துவிடும். அந்த டயர் 2.2 அங்குல அகலமுடையது என்றால் அதன் கொள்ளளவு 5 லிட்டர் அளவில் இருக்கும். மெல்லிய உருளையைக் கொண்டு அதை நிரப்பப் புறப்பட்டால் 200 முறைக்கு மேல் தள்ள வேண்டியதுதான். டயரின் பக்கவாட்டில் அழுத்த அளவு அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பின் அட்டையில் 120 என்று போட்டிருந்தாலும் அது உருளை தாங்கும் அளவுதான். உங்கள் கை எங்கே நின்றுவிடும் என்பதை அட்டை சொல்லாது.

அடுத்தது வால்வு. கார் டயரில் இருப்பதுபோலப் பருமனாக இருப்பது ஷ்ராடர். மெலிந்து நீண்டு, நுனியில் சிறு திருகுடன் இருப்பது பிரெஸ்டா. உள்ளே வால்டியூப் என்னும் மெல்லிய ரப்பர் குழல் போட்டு வருவது டன்லப். பிரெஸ்டாவுக்கான பம்பு வாய் பொதுவாக டன்லப் வால்வுக்கும் பொருந்திவிடும். ஷ்ராடர், பிரெஸ்டா இரண்டுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் வாய் உள்ள பம்பை வாங்கினால் சைக்கிளை மாற்றினாலும் கவலையில்லை. வாய் உருளையோடு நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தால், தள்ளும்போது ஏற்படும் ஆட்டமெல்லாம் வால்வுத் தண்டில் இறங்கும். வால்வின் அடியில் டியூப் கிழிந்தால் அதற்கு ஒட்டுப் போட இயலாது. வளையும் ரப்பர் குழாய் உள்ள பம்பையே நான் பரிந்துரைப்பேன். அது திருகிப் பூட்டும் வகையாக இருந்தால் ஒரு தொல்லை உண்டு: பிரெஸ்டா வால்வின் உட்பகுதி சரியாக இறுகாதிருந்தால், குழாயைக் கழற்றும்போது அதுவும் கூடவே கழன்று வந்து, அடித்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். வீட்டிலேயே அதை இறுக்கிவைத்துவிடுங்கள்.

இனி அறைக்கு வருவோம். ‘உள்ளே சேமிப்பிடம் உண்டு’ என்று எழுதியிருப்பதையெல்லாம் ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பம்புகளில் அந்த இடம் பம்பின் சொந்த ரப்பர் குழாயைச் செருகி வைப்பதற்கு மட்டுமே. குழாய் உள்ளே போனபின் ஒரு தீக்குச்சிக்குக்கூட இடமிராது. கைப்பிடிக்குள் அமைந்த அறை மெலிந்த தோற்றம் தரும், ஆனால் முன்னர்ச் சொன்னபடி ஓட்டத்தைக் குறைக்கக் கூடும். தவிர, தள்ளும்போது உள்ளங்கை மூடியின்மேலேயே அழுந்துவதால் மூடி கூர்மையான விளிம்பில்லாமல் இருக்க வேண்டும். உருளைக்கு இணையாகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறை ஓட்டத்தில் கைவைக்காது. பம்பு பருத்துப்போய்த் தண்ணீர்ப் பாட்டிலிலோ முழங்காலிலோ இடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். காற்று அழுத்தப்படும்போது உருளையின் வாய்ப்பக்கம் நன்றாகச் சூடேறும் என்பதால், பசையுள்ள பொருள்களை அந்தப் பக்கத்தில் வைக்கும்படி அமைந்த அறையை நான் விரும்புவதில்லை.

மூடியே இந்த அமைப்பின் பலவீனமான இடம். அழுத்தி மூடும் ரப்பர் மூடி புதிதில் இறுக்கமாக இருக்கும், நாளடைவில் தளர்ந்து, குண்டும் குழியுமான பாதையில் எங்கோ கழன்று விழும். மூடி போனபின் உள்ளிருப்பவை பின்னாலேயே போகும். மூன்று நான்கு சுற்றாவது திருகி மூடும் மூடியும், அதன் கழுத்தில் தண்ணீர் புகாதபடி ஒரு ரப்பர் வளையமும் இருப்பது நல்லது. வியர்வைக் கையால் திறந்து மூட முடிகிறதா என்றும் பாருங்கள். சொரசொரப்பில்லாத உலோக மூடி ஈரக்கையில் வழுக்கும்.

அறைக்குள் எதை வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறியவன்தான். ஏற்கெனவே திறந்து ஒருமுறை பயன்படுத்திய சொல்யூஷன் (ஒட்டுப் பசை) டியூபை உள்ளே போட்டுவிட்டு மறந்துபோனேன். ஒன்றரை ஆண்டு கழித்து, தூறலில் ஓர் ஓரமாக நின்று, சக்கரத்தைக் கழற்றி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்துமுடித்து மூடியைத் திறந்தால், அந்த டியூப் தகடுபோலத் தட்டையாகக் கிடந்தது. பிதுக்கியபோது கடுகளவு மஞ்சள் பிசின் வந்தது, அதுவும் கல்லாக. சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகிவிடும் தன்மையது. ஒருமுறை திறந்த டியூப் மூடியிருந்தாலும் மெல்ல உலர்ந்துவிடும். திறக்காத டியூபை மட்டுமே வையுங்கள்; அதைவிட, பசை தேவையில்லாத ஸ்டிக்கர் ஒட்டுகள் ஐந்தாறு வைப்பது இடத்துக்கும் சிக்கனம். சைக்கிள் டியூபை நன்றாகத் தேய்த்து ஈரமின்றித் துடைத்தபின் ஒட்டினால் அவை வீடுவரை தாங்கும். நிலையான ஒட்டாக அவற்றைக் கருதாமல் வீட்டில் முறைப்படி மாற்றிவிடுவது நல்லது. உப்புத்தாளைச் சொரசொரப்பு உட்புறமாக இருக்கும்படி மடித்து வையுங்கள், இல்லையேல் ஓட்ட அதிர்வில் ஒட்டுகளையே அது அரித்துவிடும். டன்லப் வால்வுக்காரர்கள் இரண்டு வால்டியூப் துண்டுகளையும், டியூபில்லா டயர்க்காரர்கள் பிளாஸ்டிக்கில் சுற்றிய அடைப்புத் திரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். டயர் லீவர்கள் பெரும்பாலும் 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ளவை. உங்களிடம் இருப்பதைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துவிடுவதே மேல். மிச்ச இடத்தில் ஒரு பழந்துணித் துண்டைச் சுருட்டித் திணித்தால் கடகடவென்ற சத்தம் நிற்கும், டயரின் உட்புறத்தைத் துடைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் உதவும்.

அழுத்தமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. சில அறைகளில் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்றை வைக்கலாம். அது ஒரு டயரை நொடியில் நிரப்பும், ஒருமுறைக்குத்தான் பயன்படும், அந்த வாயு சாதாரணக் காற்றைவிட விரைவாக டியூபிலிருந்து கசிந்துவிடும்.

பம்பைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் பிடிமானம் பொதுவாகப் பாட்டில் கூட்டின் இரண்டு திருகுகளோடு சேர்த்து மாட்டப்படுகிறது. அந்தத் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 64 மி.மீ. பொருள்களை நிரப்பியபின் பம்பின் எடை கூடுவதால், பிளாஸ்டிக் கவ்வியை மட்டும் நம்பாமல், மேலே சுற்றிக் கட்டும் பட்டையும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. கைப்பிடியை முழுவதும் இழுத்து, பம்பின் வாயைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டு தள்ளுங்கள். விட்டவுடன் கைப்பிடி தானாகத் துள்ளிப் பின்வந்தால் உள்வாஷர் சரியாக இருக்கிறது, மெல்ல அமிழ்ந்து அங்கேயே நின்றுவிட்டால் காற்று எங்கோ கசிகிறது. வாங்கி வந்த அன்றே அறையை நிரப்பி மூடிவிட்டு, ஒரு டயரின் காற்றை முழுவதும் இறக்கி, புதுப் பம்பால் மட்டுமே மறுபடி ஏற்றிப் பாருங்கள். எத்தனை முறை தள்ளினீர்கள், எந்த இடத்தில் கை சோர்ந்தது, அதற்குள் மூடி தளர்ந்ததா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்; சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்திருக்காது. சரிப்பட்டுவிட்டால், மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டி, ஒட்டுகளை உள்ளே வைத்த மாதத்தையும் ஆண்டையும் அதில் எழுதிவிடுங்கள்.