என்எம்ஓ: புதுத் தாக்குதலா, பழைய தொல்லையா?

நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா எனும் என்எம்ஓ, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அரிய நோய். பெரும்பாலானோருக்கு, அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம்தான் காரணம். 2004-இல் இந்த ஆன்டிபாடி கண்டறியப்படும்வரை பலருக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே சொல்லப்பட்டது. இந்நோயில் ஊனம் பெரும்பாலும் மெல்ல மெல்ல வளர்வதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் விட்டுப்போகும் பாதிப்புதான் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் தாக்குதலை முதல் நாளே இனங்காண வேண்டும்.

கண்களை ஒவ்வொன்றாக மூடிச் சோதியுங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். ஒரே தூரத்தில் ஒரே செய்தித்தாள் வரியைப் படியுங்கள். சிவப்பு மூடி ஒன்றைப் பாருங்கள். ஒரு கண்ணில் நிறம் வெளுத்துத் தெரிந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ கவனம்.

மரத்துப்போதல் காலிலிருந்து ஏறினால், அது நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்பினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பலரும் கோட்டைவிடுவது விக்கலில். இரண்டு நாளாக நிற்காத விக்கல், காரணமில்லாத வாந்தி இரண்டும் மூளைத்தண்டுத் தாக்குதலாக இருக்கலாம். கேஸ் மாத்திரை, எண்டோஸ்கோபி என்று அலைந்தே நாள் போய்விடும்.

வெயில், வெந்நீர்க் குளியல், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவை பழைய அறிகுறிகளைத் தற்காலிகமாகக் கிளப்பிவிடும். வெப்பமானி வையுங்கள், உடலைக் குளிர்வியுங்கள், சிறுநீரைப் பரிசோதியுங்கள். சூடு தணிந்ததும் அடங்கினால் புதுத் தாக்குதல் அல்ல. புதிய அறிகுறி 24 மணி நேரம் நீடித்தால் தாக்குதல் என்றே கொள்ளுங்கள். பார்வை போனாலோ, நடக்க முடியாவிட்டாலோ, மூச்சு திணறினாலோ 24 மணி நேரக் கணக்கெல்லாம் வேண்டாம், கிளம்புங்கள்.

கை காலை முறுக்கி இழுத்து, ஓரிரு நிமிடத்தில் விடும் வலிமிக்க பிடிப்பு வேறு வகை. நினைவு தப்பாது, எனவே அதைக் காக்காய் வலிப்பு என்று நினைக்க வேண்டாம். கார்பமசிபைன் என்ற மாத்திரைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

மருத்துவமனையில் வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். சரியாகத் தேறாவிட்டால் பிளாஸ்மா மாற்று (ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றுவது), பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் 5 முதல் 7 முறை. தாமதமானால் பலன் குறையும், “எப்போது முடிவெடுப்பீர்கள்?” என்று முதல் நாளே கேளுங்கள். ஆன்டிபாடி பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால், பிளாஸ்மா மாற்றுக்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எடுத்தால் பொய்யாக நெகட்டிவ் வரலாம்.

மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்: “என்எம்ஓ. இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் வேண்டாம்.” மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இந்த மருந்துகள் என்எம்ஓவை மோசமாக்கக்கூடும். வீட்டில் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.