கார்ட் ரேஸில் ரேடியோவுக்குக் கடிவாளம் போடுவது எப்படி

வருடத்துக்கு ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை கார்ட்டுகளை (தரையோடு ஒட்டி ஓடும் சின்ன ரேஸ் வண்டிகள்) வைத்து நண்பர்களுக்குள் நான்கு மணி நேர ரேஸ் நடத்துகிறோம். எட்டு டீம், டீமுக்கு நான்கு பேர். முதல் வருடம் ரேடியோ பற்றி விதியே எழுதவில்லை. ஒரு டீமில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் தடுப்பு ஓரமாக நின்றுகொண்டு, ஹெல்மெட்டுக்குள் இருந்த ப்ளூடூத் வழியாக "இப்ப பிரேக், இப்ப விடு, உள்ள எடு" என்று நான்கு மணி நேரமும் ஓதிக்கொண்டே இருந்தார், ஓட்டியவர்கள் ரிமோட் கார் மாதிரி ஓடி ஜெயித்தும் விட்டார்கள். மற்ற ஏழு டீமும் என்னைத்தான் பிடித்துக்கொண்டன.

அடுத்த வருடம் "ஓட்டச் சொல்லித் தரக்கூடாது, மற்றதைப் பேசலாம்" என்று எழுதினேன். ஒரு டீம் திடீரென்று சாப்பாட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தது. "சாம்பார் ரெடி" என்றால் பிட்டுக்கு (தடத்தை விட்டு டீம் நிற்கும் இடத்துக்கு) வா, "ரசம்" என்றால் அடுத்த வளைவில் சீக்கிரம் பிரேக் பிடி. சிரிப்பு வந்தது, ஆனால் என்ன செய்ய முடியும்? மூன்றாவது வருடம் கடுப்பில் ரேடியோவே கூடாது என்றேன். மே மாத வெயில். ஒரு பையனுக்குத் தலை சுற்றி, கார்ட் கோணல்மாணலாக அலைகிறது, எங்களுக்குத் தெரிகிறது, அவனுக்குச் சொல்ல வழியில்லை. கொடியைப் பார்க்கும் நிலையிலும் அவன் இல்லை. எப்படியோ தானாகவே ஓரம்கட்டினான்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறையைத்தான் கீழே எழுதுகிறேன். அதற்கு முன்னால், இதே சிக்கலில் ஃபார்முலா ஒன் எப்படி மாட்டியது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

டிரைவர் தனியாக, யார் உதவியும் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று அங்கே ஒரு பழைய விதி உண்டு. 2014-இல் சிங்கப்பூர் ரேஸிலிருந்து அதைத் தூசி தட்டி எடுத்தார்கள், 2016-இல் இறுக்கினார்கள்: எந்தெந்தச் செய்தியைச் சொல்லலாம் என்று ஒரு பட்டியல், அதில் இல்லாதது எல்லாம் குற்றம். அந்த வருடம் அஜர்பைஜான் தலைநகர் பாகுவின் தெருக்களில் நடந்த ரேஸில் லூயிஸ் ஹாமில்டனின் கார் தப்பான எஞ்சின் மோடில் (எஞ்சின் எப்படி இயங்க வேண்டும் என்ற செட்டிங்கில்) மாட்டிக்கொண்டது. எந்த ஸ்விட்ச் என்று டீமுக்குத் தெரியும், சொல்லக்கூடாது. மனிதர் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைக் குனிந்து பார்த்துப் பார்த்து ஓட்டினார், எல்லா ஸ்விட்சையும் மாற்றிப் பார்க்கப் போகிறேன் என்று புலம்பினார். ஆஸ்திரியாவில் செர்ஜியோ பெரெஸ் என்ற டிரைவருக்கு பிரேக் போய்க்கொண்டிருந்தது, டீம் வாய் திறக்க முடியவில்லை, கடைசி லேப்பில் (சுற்றில்) போய் மோதினார். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நிகோ ரோஸ்பர்க்குக்கு ஏழாவது கியரைத் தவிர்க்கச் சொன்னதற்குப் பத்து வினாடி தண்டனை, இரண்டாவது இடம் மூன்றாவதானது. ஹங்கேரியில் ஜென்சன் பட்டன் என்ற டிரைவருக்கு பிரேக் பெடல் கீழே இறங்கிவிட்டது, டீம் சொன்ன ஒரு வார்த்தைக்காக பிட் வழியாகப் போய் வரும்படி தண்டித்தார்கள். அடுத்த ரேஸ் ஜெர்மனி. அதற்குள் ஏறத்தாழ எல்லாத் தடையையும் எடுத்தே விட்டார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம். ஒன்று, அவர்களுடைய ஸ்டீயரிங் ஒரு கம்ப்யூட்டர், அதனால் அந்தத் தடை ஓட்டும் திறமையைச் சோதிக்காமல் மெனுவை மனப்பாடம் செய்தவனைச் சோதித்தது. வாடகை கார்ட்டில் இருப்பது இரண்டு பெடலும் ஒரு ஸ்டீயரிங்கும், ரேடியோவில் சொல்லித் தர ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆகவே தடை நமக்குத்தான் இன்னும் பொருத்தம். இரண்டு, என்ன பேசலாம் என்று பட்டியல் போட்டால் வாதம்தான் வளரும். யார் பேசலாம் என்று முடிவு செய்யுங்கள்.

அதனால் எங்கள் ரேஸில் டீம்களிடம் வாக்கிடாக்கியே கிடையாது. ரேஸை நடத்தும் எங்கள் ரேஸ் கண்ட்ரோல் மேசையில் ஒருவர், ஒரே சேனல், எல்லா டிரைவருக்கும் பாலக்ளாவாவுக்குள் (ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் துணி முகமூடி) ஒற்றைக் காது இயர்பீஸ். டிரைவர் காதில் விழுவதைக் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது, பதிலுக்குக் கையை உயர்த்தினால் போதும். டீமுக்கு ஏதாவது அவசரம் என்றால் மேசைக்கு ஓடி வந்து சொல்ல வேண்டும், அதை அனுப்பலாமா என்று மேசையில் இருப்பவர் முடிவு செய்வார்.

அனுப்பக்கூடியது நான்கே நான்கு: "நிறுத்து", "மெதுவா", "உள்ள வா", "உடம்பு சரியா?". முன்னால் கார்ட் நம்பர். ஏழு, உள்ள வா. அவ்வளவுதான். நான்கு வார்த்தை எப்படிப் போதும் என்று கேட்பவர்களை சென்னையின் எம்டிசி பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ, அதை வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து பிராட்வே வரை அந்த டிரைவர் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். உடம்பு சரியா என்று கேட்டு ஒரு லேப்புக்குள் கை உயரவில்லை என்றால் அடுத்தது ரேஸையே நிறுத்தும் சிவப்புக் கொடி, யோசிக்க வேண்டாம்.

கார்ட்டில் ஏதோ உடைந்து தொங்குகிறது, டயர் இறங்குகிறது என்றால் அதற்கு ரேடியோ வேண்டாம். கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் போட்டது ஒன்று காலங்காலமாக இருக்கிறது, நம்பரோடு காட்டினால் உள்ளே வந்தே ஆக வேண்டும். பெரெஸ் விவகாரத்தை நினைத்தால் இந்தக் கொடி மேலே எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மற்ற எல்லாமே, அதாவது எத்தனை லேப் மிச்சம், முன்னால் போகிறவன் எவ்வளவு தூரம், எப்போது டிரைவர் மாற்றம், எல்லாம் பிட் போர்டில், அதாவது தட ஓரத்தில் டீம் தூக்கிக் காட்டும் பலகையில். மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீயில் காதில் யாரும் பேசாமல் போர்டைப் பார்த்து எத்தனையோ உலகப் பட்டம் ஜெயித்திருக்கிறார்கள். பிளைவுட்டில் கறுப்பு பெயிண்ட், மஞ்சள் எண்கள், எண் ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையக்கூடாது, ஒரு தடவைக்கு இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம். வேகம் குறையும் வளைவு முடிந்து நேராக வரும் இடத்தில் நில்லுங்கள், முழு வேகத்தில் போகிறவன் எதையும் படிக்க மாட்டான். போர்டில் ரகசியக் குறி வைப்பார்களே என்றால், வைக்கட்டும். லேப்புக்கு ஒரு தடவை போர்டு காட்டி யாருக்கும் பிரேக் பிடிக்கக் கற்றுத்தர முடியாது. 2010-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபெராரி டிரைவர் மாஸ்ஸாவிடம் "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்" என்று மெதுவாக, அழுத்தி அழுத்திச் சொன்னார்கள், அதே டீமின் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு வழி விடு என்ற அர்த்தம் உலகத்துக்கே புரிந்தது. சங்கேத வார்த்தையை விதியால் ஒழிக்க முடியாது, அது போகிற பாதையைத்தான் குறுக்கலாம்.

வாக்கிடாக்கி வாங்குவதில் கவனம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல செட்டுகளுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டிருக்கிறார்கள், அந்த அலைவரிசையில் மட்டும் இயங்கும், அரசு ஒப்புதல் பெற்ற மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட் சோதனையைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொரு டிரைவர் மாற்றத்திலும், கார்ட்டில் உட்காரும் முன், பாலக்ளாவாவைக் கழற்றச் சொல்லி இரண்டு காதையும் பாருங்கள். போன்கள் எல்லாம் ஒரு டப்பாவில். நண்பன்தானே என்று விட்டால் அவன்தான் இயர்பட்ஸோடு வருவான், அனுபவத்தில் சொல்கிறேன்.

தண்டனை லாபத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பத்து வினாடியில் ஒரே ஒரு இடம் போகும் என்றால் எந்த டீமும் பேசிவிட்டுத் தண்டனையை வாங்கிக்கொள்ளும். எங்களிடம் இயர்பட்ஸ் பிடிபட்டால் பிட்டில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும், இரண்டாவது தடவை என்றால் வீட்டுக்கு. ஆனால் உடம்பு, நெருப்பு, உடைசல் பற்றி யார் கத்தினாலும், எப்படிக் கத்தினாலும் தண்டனை இல்லை.

ரேஸ் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து நான்கு வார்த்தையையும் ஒரு தடவை இயர்பீஸில் சொல்லி, கை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் ரேஸ் கண்ட்ரோலுக்கு மட்டும் இரண்டாவது பேட்டரி வையுங்கள். போன தடவை இரண்டரை மணி நேரத்தில் முதலில் செத்தது எங்கள் மேசையில் இருந்த செட்டுதான்.