பழைய பெர்குசனின் ஹைட்ராலிக் தூக்கவில்லையா?

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான பெர்குசன் டிஇ20 டிராக்டர், ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்தபின் எஞ்சின் ஓடியும் கலப்பையைத் தாங்கும் பின்கைகளைத் தூக்கவில்லை என்றால், உடனே பம்பைக் கழற்றாதீர்கள். கிளட்ச்சை மிதித்து பிடிஓ (எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) லீவரைப் போட்டுப் பாருங்கள். இதில் ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றுவதே பிடிஓ தண்டுதான். லீவர் விடுபட்டிருந்தால் பம்ப் அசையவே அசையாது. இது தெரியாமல் நல்ல பம்பைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

அடுத்தது எண்ணெய். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவி விரலில் தேய்த்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பெரும்பாலும் கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாக மழைநீர் இறங்கியிருக்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே முழுவதும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ரகத்தை ஊற்றுங்கள். உறையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே பழைய கதைதான்.

பிறகும் தூக்கவில்லை என்றால் கட்டுப்பாட்டு வால்வு துருவில் இறுகியிருக்கலாம். தூக்கிய கலப்பைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்கவே வேண்டாம்.